இல்லறத்தில் தழைத்த பிறரன்பு: பியேர் – ஜூலியெட் துசேன் தம்பதியர்



இவ்விழா மலருக்காக நன்கொடையாளர் பட்டியலைச் சரிபார்க்கையில் ஒன்று நம் கண்ணில் பட்டது. பெரும்பாலும் "திரு. இன்னார் குடும்பத்தார்" என்றே எழுதியிருந்தது. அந்த வீட்டில் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைக் கோவிலுக்கென்று எடுத்து வைத்தவர் யாரென்று பட்டியல் சொல்லாது. அவ்வேளையில் நம் நினைவுக்கு வந்தவர்கள் நியூயார்க் நகரில் வாழ்ந்த ஒரு தம்பதியர்.

பியேர் துசேன், இன்று ஹெய்ட்டி எனப்படும் தீவுநாட்டில், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1787-ல் அவருடைய எசமானர் அவரை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, சீமாட்டிகளுக்குக் கூந்தல் அலங்காரம் செய்யும் தொழிலைப் பயிலவைத்தார். நம் ஊரில் முடிதிருத்தும் தொழிலுக்கு என்ன மதிப்பு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அத்தொழில்தான் அவரைச் செல்வராக்கியது. பிறகு எசமானர் இறந்தார். அவருடைய சொத்தும் அழிந்தது. கைம்பெண்ணாகிய எசமானியின் வீட்டுச் செலவைத் தாங்கியது இந்த அடிமையின் சம்பாத்தியமே. அந்த அம்மாள் 1807-ல், மரிக்குமுன் அவரை விடுவித்தார்.

விடுதலையானவர் முதலில் செய்தது தமக்கு வீடு வாங்கியதல்ல. தம் சகோதரி ரோசலியையும், ஜூலியெட் என்ற மங்கையையும் விலை கொடுத்து மீட்டார். 1811-ல் புனித இராயப்பர் கோவிலில் அவருக்கும் ஜூலியெட்டுக்கும் திருமணம் நடந்தது. நாற்பது ஆண்டுகள் நீடித்த இல்லறம் அது.

மக்கட்பேறு இல்லை. ரோசலியின் மகள் யூஃபெமியைத் தம் மகளாக வளர்த்தார்கள். அவளும் 1829-ல் சயரோகத்தால் மரித்தாள். ஆனால் அந்த வீடு ஒருநாளும் வெறிச்சோடியதில்லை. ஆதரவற்ற கறுப்பினச் சிறுவர்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே வளர்ந்து, படித்து, தொழில் கற்று வெளியேறினர். அகதிகளுக்கும் வழிப்போக்கரான குருக்களுக்கும் அங்கே இடமிருந்தது. தினமும் அதிகாலைத் திருப்பலி கண்டபின், துசேன் நாள் முழுதும் சீமாட்டிகளின் வீடுகளுக்கு நடந்து வேலை செய்தார். அப்படியானால் வந்தவர்களுக்குச் சோறாக்கியவர் யார்? நோயாளிக்குப் படுக்கை விரித்தவர் யார்? வரலாறு எழுதியவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

புனித எலிசபெத் சீட்டன் அன்னையின் சகோதரிகள் நடத்திய அநாதை இல்லத்துக்காக, தாம் வேலை செய்த வீடுகளிலெல்லாம் துசேன் கையேந்தினார். மஞ்சள் காய்ச்சல் பரவிய தெருக்களில் பிறர் நுழைய அஞ்சியபோது அவர் நுழைந்தார். 1835-ல் நியூயார்க்கை எரித்த பெருந்தீயில் அவருடைய சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. நண்பர்கள் பணம் திரட்டித் தர முன்வந்தபோது, தம்மிலும் வறியவர் இருக்கிறார்கள் என்று மறுத்தார். முதுமையில் ஓய்வெடுக்கச் சொன்னவர்களிடம், தமக்குப் போதுமானது இருக்கிறது, பிறருக்குக் கொடுக்கத்தான் போதாது என்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் பொருளுதவி செய்து எழுந்த புனித பத்திரிசியார் பேராலயத்திலேயே, 1842-ல், நிறத்தைக் காரணம் காட்டி வாசலில் அவரைத் தடுத்தார்கள். கோவில் நிர்வாகக் குழுத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். துசேன் கோவிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை, கொடுப்பதையும் நிறுத்தவில்லை. வாசலில் நின்று ஆளைத் தரம் பார்க்கும் நோய் நியூயார்க்குக்கு மட்டும் உரியதா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

ஜூலியெட் கணவரைவிட மிக இளையவர்; ஆயினும் 1851-ல் அவரே முந்திக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் துசேனும் மரித்தார். இருவரும் யூஃபெமியோடு பேராலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். 1990-ல் துசேனின் எலும்புகள் மட்டும் ஐந்தாம் அவென்யூவிலுள்ள இன்றைய பேராலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பேராயர்கள் துயிலும் நிலவறையில் வைக்கப்பட்டன. 1996-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். ஜூலியெட் பழைய தோட்டத்திலேயே இருக்கிறார்.

ஆகவே இம்மலரின் பட்டியலில் கணவர், மனைவி இருவர் பெயரையும் அச்சிட எண்ணி, வீடு வீடாகக் கேட்டனுப்பினோம். பலர் மகிழ்ச்சியோடு எழுதித் தந்தனர். சில வீடுகளிலிருந்து, "அவள் பேர் எதற்கு சாமி?" என்றே பதில் வந்தது. அவ்விடங்களில் பழையபடியே அச்சாகியிருக்கிறது.