ஏணியும் கல்லும்

சரித்திரக் கதைகளை வைத்துச் செய்த வீடியோ விளையாட்டுகளில் கதாநாயகன் பல்லியைப் போலச் சுவரில் ஏறுகிறான். கோபுர உச்சியிலிருந்து வைக்கோல் வண்டியில் குதிக்கிறான். துரும்பைக்கூடத் தட்டிவிடாமல் ஓடி மறைகிறான். 1989-இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆட்டத்துக்காக ஜோர்டான் மெக்னர் என்பவர் தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்தே சித்திரங்களை வரைந்தார். ஆகவே ஓட்டம் மெய்தான். பொய்யாக இருப்பது வேறொன்று. அதைக் காணப் பாராமகாலுக்கு வாருங்கள். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமைக்கு அன்று அதுதான் பெயர்.

1791-ஆம் வருஷம், திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் மூன்றாவது மைசூர் யுத்தம். கர்னல் மாக்ஸ்வெல் அக்டோபர் 31-ந் தேதி பென்னாகரம் கோட்டையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தார். இன்று ஒகேனக்கல் போகிறவர்கள் கடந்து செல்லும் அதே பென்னாகரந்தான்.

ஏணி ஏறுவதில் வித்தை அதிகமில்லை, துணிச்சல்தான் அதிகம். ஏணி குட்டையானால் கை எட்டாது. நெட்டையானால் மேலே இருப்பவன் நுனியைப் பிடித்துத் தள்ளிவிடுவான். ஏறுகிறவனுக்கு ஒரு கை ஏணிக்கே போய்விடும். மற்றொரு கையால் என்ன யுத்தம் செய்வது?

நவம்பர் 7-ந் தேதி இரவு கிருஷ்ணகிரி. மலையடியில் கீழ்க்கோட்டை, செங்குத்துப் பாறையின் மேல் மேல்கோட்டை. கீழ்க்கோட்டை சட்டென்று விழுந்தது. காவலர்கள் படிகளில் மேலே ஓடினார்கள். அவர்கள் முதுகை ஒட்டியே ஓடி, அவர்களோடு வாசலில் நுழைந்துவிடுவது மாக்ஸ்வெல் படையின் யோசனை. தப்பி ஓடுகிறவனையே சாவியாக்கும் தந்திரம் அது! ஆனால் கதவு முந்திக்கொண்டது. பிறகு ஏணிகள் வந்தன. மேலிருந்து பெருங்கற்கள் உருண்டன. ஏணிகளும் நொறுங்கின, ஏறியவர்களும் நொறுங்கினார்கள். படை பின்வாங்கியது.

நாவல் எழுதுகிறவனுக்கு இங்கே ஓர் ஆசை எழும். ஒரு வீரனைக் கற்களுக்கு நடுவே தாவவைத்து, மதில்மேல் நிறுத்தலாமே என்று. நானும் அந்தத் தொழில்காரன்தான். ஆயினும், கம்பெனிப் படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். மேலே கல்லை உருட்டியவர்களும் நம்மவர்களே. தளபதியின் பெயரைச் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஏணியில் நின்றவன் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டது. அந்த இடத்தில் ஒரு கற்பனை வீரனை நிறுத்தினால், செத்தவனை இன்னொரு தரம் மறைத்ததாகும்.

விளையாட்டில் விழுந்தவன் மறுபடி எழுந்து ஏறுகிறான். நான் சொன்ன பொய் அதுதான். கிருஷ்ணகிரிப் படியில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் எதற்காக ஏறினானோ, அந்தக் கோட்டை நான்கே மாதத்தில், 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலோடு சேர்ந்து கம்பெனிக்குப் போயிற்று. அதற்கு ஏணி வேண்டியிருக்கவில்லை. ஒரு காகிதமும் கையெழுத்துகளும் போதுமாயிருந்தன.