கூரை போன வீட்டில் நிழலைத் தேடி

பொம்பெயியில் இன்று அறைகளுக்குள் கொட்டும் வெயிலை அந்த வீட்டுக்காரர்கள் ஒருநாளும் கண்டதில்லை. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கூரைகள் சரிந்துவிட்டன. அவர்கள் கண்ட வெளிச்சத்தைக் கணக்கிட, முதலில் கூரையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது துன்பியல் கவிஞரின் வீடு எனப்படுவது, தோண்டப்பட்டது 1824-25-இல். ஆங்கிலேயத் தொல்லியலாளர் வில்லியம் ஜெல் 1832-இல் வெளியிட்ட நூலில் இதன் நடுக்கூடத்தைக் கூரையோடு வரைந்திருக்கிறார். அழகான ஓவியம், ஆனால் சாட்சியாக ஏற்க முடியாது: அவர் வரைந்தபோதே கூரை இல்லை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1861-இல் தொடங்கிய 1:100 கார்க் மாதிரி அதைவிட நம்பகமானது. அன்று நின்ற சுவர்களை அது காட்டுகிறது. 1943 குண்டுவீச்சு நகரைச் சிதைப்பதற்கு முந்தைய நிலை அது.

கூரைத் திறப்பின் அளவுக்குத் தடயம் தரையிலேயே கிடக்கிறது. நம் முற்றத்து வீடுகளைப் போலவே இங்கும் மழை நடுவில் விழும். அதைப் பிடிக்க ஒரு தொட்டி. தொட்டியின் விளிம்பை அப்படியே மேலே உயர்த்தினால் திறப்பின் அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். கூடத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் குறையாமல், மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் திறப்பு இருக்கட்டும் என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அளந்து கிடைத்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து சூரியன். அன்று பூமியின் சாய்வு சுமார் 23.7 பாகை, இன்று 23.4. இந்த வித்தியாசத்தால் எதுவும் மாறாது. ஆனாலும் திருத்திக்கொண்டேன், பழக்கதோஷம். நண்பகல் வெயில் மார்கழிக் குளிரில் 26 பாகையிலும் கோடையின் உச்சத்தில் 73 பாகையிலும் இறங்கும். கூரை விளிம்பு 6 மீட்டர் உயரம் என்று வைத்தால், கோடைக் கதிர் வடக்கே 2 மீட்டர்கூடப் போகாமல் தரையைத் தொடும். குளிர்காலக் கதிருக்குத் தரை 12 மீட்டருக்கும் அப்பால். அதற்குள் வடக்குச் சுவர் குறுக்கிடும்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் தப்ளினம் எனும் வரவேற்பறை. நடிகர்கள் ஒத்திகை பார்க்கும் மொசைக் கிடைத்தது அங்கேதான். அறைவாயில் போதிய உயரம் இருந்தால் குளிர்கால வெயில் உள்ளே நுழையும். இல்லையேல் மேல்சுவரோடு நின்றுவிடும்.

சுவரின் மேற்பகுதி போய்விட்டது. கதவு இருந்ததா என்பதும் தெரியவில்லை. மக்கிய மரம் விட்ட வெற்றிடத்தில் சாந்து ஊற்றிக் கதவின் வடிவத்தைப் பிடிக்கும் முறை, தொல்லியலாளர் ஃபியொரெல்லி 1863-இல் வெடிப்பில் மாண்டோரின் உடல்களின் வார்ப்புகளை எடுத்த பிறகே பரவியது. இந்த வீடு நாற்பதாண்டு முந்தித் தோண்டப்பட்டுவிட்டது. எனவே ரேடியன்ஸ் எனும் ஒளிக்கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு கணக்கு போடுகிறேன்: கதவு திறந்து ஒன்று, மூடி ஒன்று.