பெரிய காஞ்சிபுரம் வங்கியும் ஒரு ஜெர்மன் மேயரும்



நம்மில் பலருக்குக் கணக்கு இருக்கிற பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி, 1904 அக்டோபரில் பதிவானது. இந்தியாவில் சட்டப்படி பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதுதான். வேர் ஜெர்மனியில்.

1846-47 பஞ்சத்தில் வையர்புஷ் ஊரின் மேயர் ரைஃபைசன். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். ஏழைகளுக்கு ரொட்டியைத் தர்மமாக அல்ல, கடனாகக் கிடைக்கச் செய்தார். 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கம் தொடங்கினார். அயலானை நேசிக்கச் சொன்ன கட்டளையை வட்டிக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் என்பேன். ஊருக்கு ஒரு சங்கம். ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. அதனால் பணம் விதைக்கா, வீண் ஆடம்பரத்துக்கா என்று விசாரித்துத்தான் கொடுப்பார்கள். நம் வீட்டுச் செலவு பக்கத்து வீட்டாருக்கும் கவலையாகிவிடும்! கொஞ்சம் கசப்பு மருந்துதான்.

சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் இதையெல்லாம் ஐரோப்பாவில் ஆராய்ந்து 1895, 1897-ல் அறிக்கை தந்தார். 1904 மார்ச்சில் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு அந்தக் கூட்டுப் பொறுப்பையே வைத்தார்கள். நகரச் சங்கங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். ஆகஸ்டில் திருவள்ளூர் பக்கம் திரூர், அக்டோபரில் நம் காஞ்சி. முதலாளி தரும் முன்பணத்தையே நம்பியிருந்த நெசவு ஊரில், கடன் கேட்க இன்னொரு வாசல் திறந்தது.