இணையக் கடையின் முதல் பொருள்: புத்தகம் தேர்வான வரலாறு

இணையத்தில் ஒரு தொழிலைத் தொடங்க நினைப்பவர் முன் நிற்கும் முதல் கேள்வி, எந்தப் பொருளில் தொடங்குவது என்பதாகும். எல்லாவற்றையும் விற்கலாம் என்ற எண்ணமே பலருக்கு முதலில் தோன்றுகிறது. ஆனால், இன்று எல்லாவற்றையும் விற்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் ஒரே ஒரு பொருளில்தான் தொடங்கின. அந்த ஒரு பொருளை அவை எப்படித் தேர்ந்தெடுத்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருபது பொருள்களின் பட்டியல்

1994ஆம் ஆண்டு ஜெஃப் பெசோஸ் நியூயார்க்கில் டி. இ. ஷா என்ற முதலீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவராகப் பணியாற்றினார். அப்போது அவருக்கு வயது 30. வலைத்தளப் பயன்பாடு ஆண்டுக்கு 2,300 விழுக்காடு வளர்கிறது என்ற கணக்கு ஒன்று அவர் கண்ணில் பட்டது. இந்த வளர்ச்சியில் எதை விற்கலாம் என்று அவர் 20 பொருள்களைப் பட்டியலிட்டார். புத்தகம், இசைத்தட்டு, காணொளி நாடா, கணினி, கணினி மென்பொருள் ஆகியவை அப்பட்டியலில் முன்னணியில் நின்றன. முடிவில் அவர் தேர்ந்தெடுத்தது புத்தகம்.

நல்ல ஊதியம் தந்த வேலையை அவர் விட்டார். அவருடைய பெற்றோர் 1995இல் சுமார் 2,45,000 டாலரை இத்தொழிலில் இட்டனர். அந்தப் பணம் திரும்பாமல் போக 70 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று அவர் அவர்களிடம் முன்பே கூறியிருந்தார். எனவே பொருளின் தேர்வு அக்குடும்பத்துக்கு விளையாட்டாக இருக்கவில்லை.

புத்தகத்தின் தகுதிகள்

பெசோஸ் புத்தகப் பிரியர் என்பதால் மட்டும் இத்தேர்வு நிகழவில்லை. அதற்கு நான்கு தெளிவான காரணங்கள் இருந்தன.

முதலாவது, எண்ணிக்கை. உலகில் அப்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் விற்பனையில் இருந்தன. மிகப் பெரிய கடையிலும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தலைப்புகளையே அடுக்க முடிந்தது. கட்டடத்துக்குள் அடங்காத கடையை இணையத்தில்தான் அமைக்க முடியும்.

இரண்டாவது, அடையாளம். 1970இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎன் எண் ஒவ்வொரு பதிப்பையும் தனித்துக் காட்டியது. விற்பனையிலுள்ள நூல்களின் விவரங்கள் கணினிப் பட்டியலாகவே கிடைத்தன.

மூன்றாவது, தரம். ஒரு பதிப்பின் ஒரு படியும் இன்னொரு படியும் ஒன்றே. தொட்டுப் பார்க்காமல் வாங்கினாலும் ஏமாற்றம் இல்லை. தபாலில் உடையாது, கெடாது.

நான்காவது, வழங்கல். இங்கிராம், பேக்கர் அண்டு டெய்லர் என்ற இரு பெரிய மொத்த விநியோகஸ்தர்கள் அமெரிக்காவில் இருந்தனர். எனவே பெரிய கிடங்கு வைத்துச் சரக்கில் முதலைப் போட வேண்டியதில்லை. கடை அமைந்த ஊரும் இதையொட்டியே முடிவானது. இங்கிராமின் பெரிய கிடங்கு ஒன்று ஓரிகன் மாநிலத்து ரோஸ்பர்க் நகரில் இருந்தது. அதற்கு எட்டும் தொலைவில் இருந்த சியாட்டில் பகுதியில் கணினி வல்லுநர்களும் மிகுதி.

தொடக்க நாள்கள்

நிறுவனம் 1994 ஜூலையில் ‘கடாப்ரா’ என்ற பெயரில் பதிவானது. அச்சொல் ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் சொல்லைப் போல் காதில் விழுந்ததால் பெயர் ‘அமேசான்’ என மாறியது. 1995 ஜூலை 16 அன்று தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதல் மாதத்திலேயே அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் 45 நாடுகளுக்கும் புத்தகங்கள் சென்றன.

அமேசான் இத்துறையில் முதலாவது அன்று. கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் ஸ்டாக் என்பவர் 1992இலேயே தொலைபேசி வழிக் கணினி இணைப்பில் புத்தகம் விற்றார். முந்தி வருவதால் மட்டும் வெற்றி உறுதியாவதில்லை என்பதற்கு இது சான்று. அமேசான் தொடக்க ஆண்டிலேயே வாசகர் மதிப்புரைகளைத் தளத்தில் இடம்பெறச் செய்து, வாங்குவோர் மீண்டும் வரக் காரணம் தந்தது. மூன்றாண்டு புத்தகத்தில் ஊன்றி நின்ற பின்னரே, 1998இல் இசைத்தட்டுக்கும் காணொளிக்கும் அது கை நீட்டியது.

எடையும் இலாபமும்

1997இல் மார்க் ராண்டால்ஃபும் ரீட் ஹேஸ்டிங்சும் கலிஃபோர்னியாவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். காணொளி நாடா கனமானது, தபால் செலவு கட்டாது. அவ்வாண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவிடியோ மெல்லிய தட்டு. அவர்கள் ஒரு சிடியை உறையிலிட்டுத் தபாலில் அனுப்பினர். அது உடையாமல் வந்து சேர்ந்த பிறகே தொழில் உறுதியானது. 1998 ஏப்ரலில் 925 தலைப்புகளுடன் தளம் திறந்தது. தொடக்கத்தில் விற்பனையும் வாடகையும் சேர்ந்தே நடந்தன. வருவாயின் பெரும்பகுதி விற்பனையிலிருந்து வந்தபோதும், அமேசான் அத்துறைக்கு வரப்போவதை உணர்ந்து விற்பனையைக் கைவிட்டு வாடகையில் ஊன்றினர்.

இதற்கு நேர்மாறானது பெட்ஸ்.காம். வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்ற இந்நிறுவனம் 1998இல் தளம் திறந்து, 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. வாங்குவோர் இருந்தனர், விளம்பரமும் புகழ்பெற்றது. ஆனால் நாய் உணவு மூட்டை கனமானது, இலாபம் சொற்பம். அதையும் அடக்க விலைக்குக் கீழே விற்றனர். விற்க விற்க இழப்பே பெருகியது.

சிறு சோதனை

காலணியை அளவு பாராமல் யார் வாங்குவார் என்ற ஐயம் 1999இல் வலுவாக இருந்தது. நிக் ஸ்வின்மர்ன் உள்ளூர்க் கடைகளில் காலணிகளைப் படமெடுத்துத் தளத்தில் இட்டார். யாரேனும் கேட்டால் கடைக்குச் சென்று முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். இதில் இலாபம் இல்லை, ஆனால் மக்கள் வாங்குவார்கள் என்பது சிறு செலவில் தெரிந்தது. இதுவே ஜாப்போஸ் நிறுவனமாக வளர்ந்து 2009இல் அமேசானிடம் சேர்ந்தது.

இந்தியாவில்

அமேசானில் பணியாற்றிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் 2007 அக்டோபரில் பெங்களூருவில் பிளிப்கார்ட்டைத் தொடங்கினர். முதலில் அவர்கள் எண்ணியது விலை ஒப்பிடும் தளம். ஒப்பிடுவதற்குப் போதிய இணையக் கடைகளே நாட்டில் இல்லாததால் தாமே கடை வைத்தனர். தொடக்கப் பொருள் இங்கும் புத்தகமே. பணம் முன்கூட்டிச் செலுத்தத் தயங்கும் வாடிக்கையாளருக்காக, பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையை 2010இல் கொண்டுவந்தனர். அதன் பின்னரே கைப்பேசி போன்ற விலையுயர்ந்த பொருள்கள் பெருமளவில் விற்றன.

வரலாறு தரும் பாடம்

மேற்கண்ட நிறுவனங்களின் வரலாற்றிலிருந்து, தொடங்குவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில கிடைக்கின்றன. இப்பொருள் அருகிலுள்ள கடையில் கிடைக்காத ஏதேனும் ஒன்றை மக்களுக்குத் தருகிறதா? அனுப்பும் செலவு போக மிஞ்சுமா? முதலை முடக்காமல் சரக்குப் பெற வழி உண்டா? சிறு செலவில் சோதித்துப் பார்க்க முடியுமா?

விருப்பம் ஒருவரைத் தொழிலில் நிலைத்திருக்கச் செய்யும். ஆனால் விருப்பம் மட்டும் கணக்கைச் சரிசெய்யாது. புத்தகம் வென்றதும் நாய் உணவு தோற்றதும் இதையே காட்டுகின்றன. நாய் உணவும் பின்னாளில் இணையத்தில் நன்றாக விற்கத் தொடங்கியது. ஆகவே ஒரு பொருள் நல்லதா என்று கேட்பதோடு, இன்று நம் கையிலுள்ள முதலுக்கும் வசதிக்கும் அது ஏற்றதா என்றும் கேட்பதே சரியான தேர்வுக்கு வழியாகும்.