சுவருக்குள் இருப்பவன்: மாரியோ பாவாவின் ‘ஷாக்’

1977இல் வெளிவந்த ‘ஷாக்’, இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா திரையரங்குகளுக்காக இயக்கிய கடைசிப் படம். பேய்ப்படம் என்றே இதைச் சொல்வது வழக்கம். அக்கால இத்தாலி மனநோயாளிகளை நடத்திய விதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதன் திகில் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் புலப்படுகிறது.

கதை எளியது. தோரா (தாரியா நிகோலோதி) தன் இரண்டாம் கணவன் புரூனோவோடும் சிறுவன் மார்க்கோவோடும் பழைய வீட்டுக்குத் திரும்புகிறாள். போதைக்கு அடிமையான முதல் கணவன் கார்லோ கடலில் மாண்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். அவன் இறந்தபின் மனநலக் காப்பகத்தில் மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவள் தோரா. அந்நாட்களின் நினைவு அவளிடம் இல்லை. கார்லோவைக் கொன்றது அவள்தான் என்பதும், உடலை நிலவறைச் சுவருக்குள் புதைத்தவன் புரூனோ என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன.

மின்னதிர்ச்சி சிகிச்சை பிறந்த இடமே ரோம் நகரம்தான். இறைச்சிக்கூடத்தில் பன்றிகளுக்கு மின்சாரம் பாய்ச்சப்படுவதைக் கண்ட உகோ செர்லெத்தி, 1938இல் லூசியோ பினியுடன் இணைந்து அதை மனிதனிடம் முதன்முதலாகப் பயன்படுத்தினார். அன்று மயக்கமருந்து கிடையாது. நினைவிழப்பு அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. தோராவின் விஷயத்தில் அந்த இழப்பே ‘குணம்’ என்று கொள்ளப்படுகிறது. புரூனோவுக்கும் அதுவே வசதி.

படத்தில் ஒரு காட்சி. நடைவழியில் மார்க்கோ தாயை நோக்கி ஓடிவருகிறான். அருகில் வந்ததும் திரைச்சட்டத்துக்குக் கீழே மறைகிறான். அவனிருந்த இடத்தில் கார்லோ எழுகிறான். வெட்டு இல்லை, தந்திரக் கருவிகள் இல்லை. மறக்கடிக்கப்பட்டவன் மகனின் உருவிலேயே வந்து நிற்கிறான்.

படம் வெளிவந்தபோது இத்தாலியில் இன்னொரு சுவரும் இடிந்துகொண்டிருந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைச் சமூகத்துக்கு ஆபத்தானவராகக் கருதிப் பூட்டிவைத்தது. காப்பகத்தில் அடைக்கப்பட்டவரின் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறும் முறை 1968இல்தான் ஒழிந்தது. த்ரியெஸ்தே காப்பகத்தின் இயக்குநரான பிராங்கோ பஸாலியா கதவுகளைத் திறந்துவிட்டார். 1973இல் அங்கிருந்தோர் மரத்தாலும் காகிதத்தாலும் செய்த மாபெரும் நீலக்குதிரை வாயிலில் நுழையவில்லை. வாயிலை உடைத்தே அதை ஊர்வலமாக வெளியே கொண்டுசென்றனர். 1978 மே 13இல் நிறைவேறிய 180ஆம் எண் சட்டம் காப்பகங்கள் மூடப்பட வழிவகுத்தது.

பாவா இவற்றை மனத்தில் கொண்டு படமெடுத்தார் என்று நாம் வாதிடவில்லை. படத்தில் சுவர் உடைகிறது. ஆனால் தோரா விடுதலை அடைவதில்லை. புரூனோவைக் கொன்று, தானும் மாய்கிறாள். அவள் சொல்வதைக் கேட்க அவ்வீட்டில் யாரும் இருக்கவில்லை. சட்டத்துக்குப் பின் இத்தாலியும் இதே சிக்கலைச் சந்தித்தது: மாற்று மையங்கள் அமையத் தாமதமான இடங்களில் முழுச் சுமையும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. சுவரை இடித்தால் மட்டும் போதாது, அப்பால் இருப்பவரின் பேச்சைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதே த்ரியெஸ்தேயின் அனுபவமும்.

பாவா, பஸாலியா இருவரும் 1980இல் மறைந்தனர்.