தாம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கு

பரீட்சை முடிந்த மறுநாளே நம் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். பால்காரரிடம் சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, முறுக்கு டின்னும் அல்வா பொட்டலமுமாகக் கடையநல்லூர் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருப்பீர்கள். எங்கே என்று கேட்டால் 'மெட்ராஸுக்கு' என்பீர்கள். ஆனால் நம்மில் பலர் எழும்பூர் வரை போவதில்லை. விடியும் முன்பே தாம்பரத்தில் இறங்கிவிடுகிறோம். மகன் வீடு சேலையூரில், மகள் வீடு முடிச்சூரில், அண்ணன் பையன் பெருங்களத்தூரில். ஏன் அங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'அமைதியான ஏரியாப்பா, பிள்ளைகளை வளர்க்க நல்ல இடம்.'

அந்த அமைதி எங்கிருந்து வந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் உங்கள் பணமும் இருக்கிறது. 'நீங்க ரெண்டு பேரும் அங்கே தனியா இருந்து என்ன செய்யப்போறீங்க, இங்கேயே வந்திருங்க' என்ற அழைப்பு இப்போது நம் குடியிருப்பில் பல வீடுகளுக்கு வருகிறது. ஊரில் இருக்கும் இடத்தை விற்று அங்கே ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்ற யோசனையும் கூடவே வருகிறது.

முதலில் ரயில். விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது 1927-ல். நம் ஊர்ப் பெரியவர்கள் மெட்ராஸ் போனதும் வந்ததும் அந்தப் பாதையில் ஓடிய கொல்லம் மெயிலில்தான். சரியாக அதே காலத்தில் மறுமுனையில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு மின்கம்பி இழுத்து, 1931-ல் மின்சார ரயிலை ஓடவிட்டார்கள். தென்னிந்தியாவில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். அதுவும் மீட்டர்கேஜ்.

நீராவி ரயில் கிளம்பி வேகம் பிடிக்கவே நேரம் ஆகும். அடிக்கொரு ஸ்டேஷனில் நிற்க அதற்குத் தோதில்லை. மின்சார ரயில் சட்டென்று நிற்கும், சட்டென்று கிளம்பும். அதனால் ஸ்டேஷன்களை நெருக்கமாக வைக்க முடிந்தது. கடற்கரை, கோட்டைப் பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்த்த குமாஸ்தாவுக்கு ஒரு வழி திறந்தது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருக்க வேண்டியதில்லை. தாம்பரம் பக்கம் கிணற்றோடு ஒரு மனை வாங்கலாம், நாலு தென்னை வைக்கலாம், மாதச் சீட்டு எடுத்து வேலைக்குப் போய் வரலாம். நீங்கள் இன்று பார்க்கும் புறநகர்க் குடும்ப வாழ்க்கையின் தொடக்கம் அந்த மாதச் சீட்டுதான்.

ஒரு பொருத்தம் பாருங்கள். தாம்பரத்தின் அந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது 2004-ல். விருதுநகர் முதல் தென்காசி வரை நம் பாதை அகலப்பாதையாகி, பொதிகை ஓடத் தொடங்கியதும் அதே 2004-ல்தான்.

சரி, இறங்கியாயிற்று. தாம்பரத்தை அடுத்து, நகரத்தை நோக்கி வரும் முதல் ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். 'அங்கே இறங்காதே, கூட்டமா இருக்கும்' என்று மகன் சொல்லியிருப்பார். சானடோரியம் என்றால் என்ன என்று அவருக்கும் தெரிந்திருக்காது, பெயர் அவ்வளவு பழகிவிட்டது.

காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. அதற்கு முன் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து மூன்றே மூன்று: திறந்தவெளிக் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. நெரிசலான சந்தில் இது கிடைக்காது. டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திவந்தவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் நோயாளியாக இருந்த இடங்களில் அவருடைய சானடோரியமும் ஒன்று. அவர்தான் ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரத்தருகே 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். இடம் மட்டும் 250 ஏக்கர். பன்னிரண்டு படுக்கைக்கு எதற்கு இத்தனை ஏக்கர் என்று இன்றைய சதுர அடிக் கணக்கில் நமக்குத் தோன்றும். அந்தக் காலி இடமும் அதில் வீசிய காற்றும்தான் அங்கே சிகிச்சை. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய் அரசு மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கப் பலர் தயங்கியபோது கதவு திறந்த இடங்களில் இது முக்கியமானது.

ஆக, தாம்பரத்தின் அமைதியை முதலில் நாடி வந்தவர்கள் நோயாளிகள். குடும்பங்கள் விலகிப்போக நினைத்த இடமாக அது கொஞ்ச காலம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1950களின் இறுதியில் சென்னையிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு, காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. சானடோரியங்களின் தேவை அதோடு குறையத் தொடங்கியது. பெயர் மட்டும் ஸ்டேஷன் பலகையில் நின்றுவிட்டது.

இரண்டாவதாக வந்தது கல்லூரி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி அதுவரை பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இருந்தது. 1937-ல் அது மொத்தமாகத் தாம்பரத்துக்கு இடம் மாறியது. சேலையூர்க் காட்டில் சுமார் 365 ஏக்கர். காடு என்றால் நம் மேற்குமலைக் காடு மாதிரி நினைக்காதீர்கள், முள்ளும் புதரும்தான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஊர் ஊராக விதை தேடி மரம் வளர்த்தார். இன்று அந்த வளாகத்தில் புள்ளிமான் நிற்கிறது. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தால் வாசலில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், படிக்கிற இடம்.

இந்தக் கல்லூரியோடு இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1898 முதல் 1911 வரை அதன் பழைய கட்டடத்தில் தமிழ் கற்பித்தவர் வேதாசலம், அதாவது மறைமலை அடிகள். வேலையை விட்ட அவர் 1911-ல் பல்லாவரத்தில் போய்க் குடியேறி, 1950-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தனித்தமிழ் இயக்கம் வளர்ந்தது அந்த வீட்டில்தான். தமிழாசிரியர் முன்னால் போக, 26 வருஷம் கழித்துக் கல்லூரியும் அதே ரயில் பாதையில் அவர் வீட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. (ஸ்டேஷன், ஃப்ளாட் என்று நான் எழுதுவதைப் பார்த்தால் அடிகள் இந்தச் செய்திமடலைக் கிழித்துப் போட்டிருப்பார்.)

பல்லாவரத்தைப் பற்றி ஆரம்பித்தால் முடியாது. தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ராணுவத் திடலருகே ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்வியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த 7-ஆம் நூற்றாண்டுக் குகை ஒன்று இன்று தர்காவாக இருக்கிறது. கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கும் நம் குடியிருப்பில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நேரம் இருந்தால் போய் வாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனைப்பிரிவுகள் பெருகின. 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1855-ல் தொடங்கிய உயிரியல் பூங்கா 1985-ல் வண்டலூருக்கு வந்தது. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. தென்காசி பஸ் இப்போது உங்களை இறக்கிவிடுவது அங்கேதான். அமைதிக்காக ஊருக்கு வெளியே தேடிய இடம் இன்று தானே ஒரு மாநகரம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நிற்கும்போது இது உங்களுக்குப் புரிந்துவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நாம் குளம் என்பதை அங்கே ஏரி என்பார்கள். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, பீர்க்கன்காரணை ஏரி என்று வரிசையாக இருக்கின்றன. சிறிய ஏரிக்குத் தாங்கல் என்றும் பெயர். ரயிலில் போகும்போது பழவந்தாங்கல் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது, விமானத்தின் பின்பக்கம் யானை முதுகு போல வளைந்திருக்கும். கோயிலும் ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால், மின்சார ரயிலுக்கு வெகுகாலம் முன்பே அங்கே விவசாயக் கிராமங்கள் இருந்தது தெரியும். ஒரு ஏரி நிரம்பி அடுத்ததுக்கு வழியும், அது நிரம்பி ஆற்றுக்குப் போகும். நம் கருப்பாநதித் தண்ணீர் குளம் குளமாக இறங்குகிற அதே ஏற்பாடு.

வயல் மனையானபோது அந்த வாய்க்கால் சாலையானது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் வந்தது. தரைத்தளத்தில் இருந்தவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த இரவு எத்தனை வீடுகளில் போன் போட்டுப் போட்டுக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். அமைதியான ஏரியா என்று விற்ற இடங்கள்தான் அவை. ஆற்றங்கரை எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும், வருஷத்தில் 360 நாளும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் கழித்து, 2019 கோடையில் சென்னையே குடத்தோடு அலைந்தபோது, சிட்லபாக்கம் மக்கள் மண்வெட்டியும் கூடையுமாக வறண்ட ஏரிக்குள் இறங்கித் தூர் அள்ளினார்கள். ஐ.டி. வேலைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும். அதற்குப் பிறகுதான் அரசுப் பணமும் ஏரிக்குள் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் நம்மைப் போலக் குடியிருப்போர் நலச்சங்கம் நடத்துகிறவர்கள்தான்.

ஆகவே அடுத்த முறை போகும்போது, மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டும் அந்தப் புது ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டுச் சில காரியம் செய்யுங்கள். வில்லங்கச் சான்று போதாது. அது யார் யாருக்கு விற்றார்கள் என்று சொல்லும், நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று சொல்லாது. அந்தச் சர்வே எண்ணுக்கும் சுற்றியிருக்கும் எண்களுக்கும் 'அ' பதிவேட்டு நகலும் புலப்படமும் எடுத்துப் பாருங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எதுவும் பக்கத்தில் இருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று விசாரியுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், 2015-ல் இங்கே தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று கேளுங்கள். பில்டரின் ஆபீசில் கிடைக்காத பதில் அவரிடம் கிடைக்கும். சில வீட்டுச் சுவர்களில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

நிரந்தரமாகப் போவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டுப் பிரச்சினை, அதில் நான் தலையிட மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி கண்டுபிடித்த வழியை மட்டும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை அங்கே முடிந்து, பொங்கல் இங்கே கொண்டாடிய பிறகுதான் கிளம்புவார்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் பேத்தியைப் பள்ளிக்கு விட்டுக் கூட்டிவருவது தாத்தா பொறுப்பு. பரீட்சை முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். ஜூனில் பள்ளி திறக்க அவள் போவாள், இவர்கள் சாரலுக்கு இருந்துவிடுவார்கள்.

வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.