தோரா சானும் அவனைச் சாகவிடாத ஜனங்களும்

ஒரு நகைச்சுவைப் படம் நன்றாக ஓடிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எடுப்பது உலகெங்கும் பட முதலாளிகள் கைக்கொண்டுவரும் வியாபார முறை. ரசிகர்களின் அபிப்பிராயமோ, படம் வெளிவந்த பிறகு கொட்டகை வாசலில் நின்று, முதல் பாகத்துக்கு இது ஈடில்லை என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லிக் கலைவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இந்த வரிசை தலைகீழாக நடந்த சரித்திரம் ஒன்று ஜப்பானில் உண்டு. அங்கே ஜனங்களின் அபிப்பிராயம் முதலில் பிறந்தது. கோபமும் துக்கமும் கலந்த அந்த அபிப்பிராயத்தின் வயிற்றில்தான் படம் பிறந்தது. பிறந்த படம் ஒன்றோடு நில்லாமல், 1969ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரையில், ஒரே நாயகனை வைத்து, அந்த நாயகனாக ஒரே நடிகரே நடித்து, 48 படங்களாக வளர்ந்தது. 'ஒதோகோ வா ட்சுராய் யோ' என்பது அந்த வரிசையின் பெயர். நாயகன் குருமா தோராஜிரோ. ஜப்பானியர்கள் அவனை அன்போடு தோரா சான் என்று அழைத்தார்கள்.

இந்தக் கதையை அதன் ஸ்தலத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். தோக்கியோ மாநகரத்தின் கிழக்கு எல்லையில், எதோ என்னும் நதியின் கரையில், காட்சுஷிகா வட்டத்தைச் சேர்ந்த ஷிபமாதா என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பிரசித்திக்கு மூலகாரணம் 1629ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட ஒரு பௌத்த ஆலயம். அங்கே எழுந்தருளியிருக்கும் தைஷாகுதென் வேறு யாருமல்லர், பாரத தேசத்திலிருந்து பௌத்த தர்மத்தோடு புறப்பட்டுச் சீனம் கடந்து அவ்வளவு தூரம் சென்ற நம்முடைய தேவேந்திரன்தான். காணாமற்போயிருந்த அவனது திருவுருவப் பலகை 1779ஆம் ஆண்டில், கோயிலைப் பழுதுபார்க்கும்போது உத்தரத்தின் மேல் அகப்பட்டதென்றும், அகப்பட்ட தினம் அறுபது நாட்களுக்கு ஒருமுறை வரும் கோஷின் என்னும் நாளென்றும் ஆலயத்தார் சொல்லுகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் பெரும் பஞ்சம் வந்தபோது அக்கோயிலின் குரு அந்தப் பலகையைத் தம் முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று ஜனங்களைத் தரிசிக்கச் செய்தார். அதுமுதல் கோஷின் நாள்தோறும் ஷிபமாதாவில் கூட்டம் கூடியது. கூட்டம் பெருகப் பெருக வழியெங்கும் தின்பண்டக் கடைகள் தோன்றின. 1899ஆம் ஆண்டில், கானமாச்சி ரயில் நிலையத்திலிருந்து கோயில்வரையில் தண்டவாளம் போட்டு, ஆறு பேர் உட்காரும் சிறு வண்டிகளை மனிதர்களே தள்ளிச் செல்லும் ஒரு விசித்திரமான ரயில் பாதையும் ஏற்பட்டு, மின்சார வண்டி வரும்வரையில் பக்தர்களைச் சுமந்தது. தோரா சானின் சிற்றப்பா நடத்துவதாகக் கதையில் வரும் அரிசிமாவுக் கொழுக்கட்டைக் கடை இந்தச் சந்நிதித் தெருவில்தான் இருக்கிறது.

கோயிலும் திருவிழாவும் உள்ள இடத்தில் நடமாடும் வியாபாரியும் இருப்பான். ஜப்பானில் அவனுக்குத் தெகியா என்று பெயர். எதோ என்று சரித்திரத்தில் வழங்கும் காலத்தில் மருந்தும் வாசனைத் திரவியமும் விற்றுத் திரிந்த யாஷி என்னும் கூட்டத்தாரின் வழியில் வந்தவர்கள் இவர்கள்; மருந்துக்கு அதிதேவதையாகச் சீனர்கள் கொண்டாடும் ஷின்னோவைத் தங்கள் குலதெய்வமாக வணங்கினார்கள்; எந்தத் திருவிழாவில் யார் எந்த இடத்தில் கடை விரிப்பது என்பதைத் தங்களுக்குள்ளேயே தலைவன், தொண்டன் என்ற முறை வைத்து நிர்ணயித்துக்கொண்டார்கள். சரக்கு மட்டமானதுதான், பஞ்சாங்கம், செருப்பு, பொம்மை, பழைய புஸ்தகம் என்று கைக்கு அகப்பட்டதை விற்பார்கள். விலைபோனதெல்லாம் அவர்களுடைய வாக்குச் சாதுரியமே. எதுகை மோனையோடு, எண்ணிக்கையை அடுக்கி, சொல்லுக்குச் சொல் சிலேடை வைத்து, மூச்சு விடாமல் அவர்கள் கூவும் கூவல் ஒரு தனிக் கலை. பெரிய கடைகளும் விளம்பரங்களும் பெருகிவந்த 1960களில் அந்தக் கலை மங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கூவலைச் சிறுவயதிலேயே நெட்டுருப் பண்ணியிருந்தவர் ஒருவர் இருந்தார். அட்சுமி கியோஷி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அவர், 1928ஆம் ஆண்டில் தோக்கியோவின் உவேனோப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். யுத்தத்துக்குப் பின் அசாகுசாவின் மலிவான நாடகக் கொட்டகைகளில் விகடம் செய்து பிழைத்தவர். க்ஷயரோகத்தால் ஒரு நுரையீரலை இழந்து, இரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். டைரக்டர் யமதா யோஜியோ மஞ்சூரியாவில் ஒரு ரயில்வே என்ஜினீயரின் மகனாக வசதியாக வளர்ந்து, தேசம் தோற்றதும் அனைத்தையும் இழந்து ஊர் திரும்பி, கள்ளச் சந்தையில் அலைந்து வயிறு வளர்த்த அனுபவம் உடையவர். இவ்விருவரும் ஒரு டெலிவிஷன் தொடருக்காகச் சந்தித்தபோது, அட்சுமி தாம் பால்யத்தில் கண்ட தெகியாக்களைப் பற்றிச் சொல்லி, அவர்கள் கூவலை அப்படியே கூவிக் காட்டினார். அந்தச் சந்திப்பிலேயே தோரா சான் உருவாகிவிட்டான்.

1968 அக்டோபரில் ஃபூஜி டெலிவிஷனில் தொடங்கிய அத்தொடர் 26 வாரங்கள் நடந்தது. தகப்பனோடு சண்டையிட்டு இளமையிலேயே வீட்டைவிட்டு ஓடியவன் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவருகிறான். தங்கை சகுராவின்மீது உயிரை வைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் வம்பை விலைக்கு வாங்குகிறான். பார்த்த பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தோற்கிறான். இத்தகைய நாடோடிக்கு, யந்திரம்போல் ஒழுங்காக இயங்கத் தொடங்கிவிட்ட நவீன ஜப்பானில் இடமே இல்லை என்று கருதிய யமதா, கதையை முடிக்கும்போது அவனைக் கொன்றுவிட்டார். 1969 மார்ச் 27 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், பணம் சம்பாதிக்கவென்று விஷப்பாம்பு பிடிக்க அமாமித் தீவுக்குச் சென்ற தோரா சான் ஹபு என்னும் பாம்பு தீண்டி மாண்டுபோனான்.

அன்றிரவே டெலிவிஷன் நிலையத்துக்கு டெலிபோன்கள் வரத் தொடங்கின. மறுநாளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தோராவை எதற்காகக் கொன்றீர்கள் என்று கேட்டவர்களில் பலர் தங்கள் உறவினன் ஒருவனைப் பறிகொடுத்தவர்களைப் போலவே பேசினார்கள். தாம் படைத்தது தமக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்த யமதா, பார்க்கிறவர்கள் மனத்தில் அவன் தனியே ஓர் உயிர் பெற்றிருந்தான் என்பதையும், அந்த உயிரைத் தாம் அழித்துவிட்டதையும் அப்போதுதான் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். படைத்தவன் தன் படைப்பின்மீது சர்வாதிகாரம் கொண்டவன் என்ற வாதம் எனக்குத் தெரியும். ஆயினும் அந்த வாதத்தை விட்டுக்கொடுத்து ஜனங்களிடம் தலைவணங்கிய யமதாவின் செயலை நான் பலவீனமாக எண்ணவில்லை, கலைஞனுக்கு வேண்டிய பெருந்தன்மை என்றே எண்ணுகிறேன். அந்தத் தொடரில் முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. ஜனங்கள் எதைப் பார்த்துக் கொதித்தார்களோ அது அழியாமல் தப்பியிருப்பது சரித்திரம் எழுதுகிறவனுக்கு ஒரு பாக்கியம்.

சினிமாவில் அவனை உயிர்ப்பிக்க வேண்டுமென்று யமதா ஷோச்சிகுக் கம்பெனியைக் கேட்டபோது நிர்வாகிகள் தயங்கினார்கள். வீட்டிலே இலவசமாகப் பார்த்துத் தீர்த்ததைக் காசு கொடுத்துப் பார்க்க எவன் வருவான் என்பது அவர்கள் கேள்வி. விடாப்பிடியாக வாதாடிச் சம்மதம் பெற்று எடுத்த படம் 1969 ஆகஸ்டு 27 அன்று வெளிவந்தது. படத்தை முடித்தபோது, சிரிப்புப் படமென்று நினைத்து மிகவும் கனமான ஒன்றைச் செய்துவிட்டோமே என்று யமதா மனம் சோர்ந்திருந்தாராம். முதல் நாளன்று தோக்கியோவின் ஷின்ஜுகுப் பகுதியிலிருந்து அழைப்பு வந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், நிறைந்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அது வேடிக்கையான படம்தான் என்று டைரக்டருக்கே ஜனங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் படம் வந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் வேறு டைரக்டர்கள் எடுத்தார்கள். 1970 ஆகஸ்டில் ஐந்தாம் படத்தைத் தாமே எடுத்து, அத்தோடு மங்களம் பாடிவிட யமதா எண்ணினார். ஆனால் கூட்டம் முன்னிலும் அதிகமாக வந்தது. இரண்டாவது முறையாக ஆசிரியரின் முடிவை ரசிகர்கள் ஏற்க மறுத்தார்கள். அதன் பிறகு அவர் முடிக்க முயலவில்லை.

பிறகு அது ஒரு சம்பிரதாயமாகவே ஆயிற்று. முன்னோர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகை வரும் ஆகஸ்டில் ஒன்று, புத்தாண்டையொட்டி டிசம்பர் இறுதியில் ஒன்று என்று இரண்டு படங்கள் வருவது வழக்கமாயிற்று. தொடக்கத்தில் தோரா சான் தன்னை வீரபுருஷனாகக் கண்டு விழிக்கும் ஒரு கனவு. பிறகு வீடு திரும்புதல், சண்டை, வெளியூர்ப் பயணம், அங்கே ஓர் அழகியைச் சந்தித்தல், அவளுக்காக உருகுதல், அவள் வேறொருவனுக்கு உரியவள் என்று அறிந்தோ, உரிய தருணத்தில் தானே பின்வாங்கியோ, பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுதல். புத்தாண்டுப் படமானால் எங்கோ ஒரு கோயில் வாசலில் அவன் கடை விரித்துக் கூவுவதில் கதை முடியும். விமர்சகர்களில் சிலர் எப்போதும் இதே கதைதானா என்று குறைகூறினார்கள். கொட்டகைக்கு வந்தவர்களின் அளவுகோலே வேறு. உற்சவம் சென்ற ஆண்டைப் போலவே குறைவின்றி நடந்ததென்று மகிழும் பக்தனைப் போல அவர்கள் மகிழ்ந்தார்கள். யமதா ரகுகோ என்னும் பழைய விகடக் கதாகாலட்சேபத்தில் தோய்ந்தவர். அதில் முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் கேட்கப் போகிறார்கள், சொல்லும் விதத்தைக் கேட்க. இந்தப் படங்களைச் சுவைத்த கண்ணும் அந்தக் காதின் வழியிலே பழகியதுதான் என்பது என் துணிபு.

ஜனங்கள் இவ்வளவு ஆவலோடு வந்ததற்குக் காலமும் ஒரு காரணம். கிராமத்துப் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக ரயிலேற்றித் தோக்கியோவின் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிய காலம் அது. திரும்பிச் செல்ல ஒரு சந்நிதித் தெரு, வந்தவுடன் திட்டிவிட்டுச் சோறு போடும் ஒரு சிற்றப்பா, கண் கலங்கும் ஒரு தங்கை ஆகிய இவை நகரத்தில் தனித்து வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய நிதி! சினிமாத் தொழிலோ வீழ்ந்துகொண்டிருந்தது. 1958ஆம் ஆண்டில் 112 கோடிக்கு மேல் விற்ற கொட்டகை டிக்கெட்டுகள் 1970களின் தொடக்கத்தில் 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன. தாயேய் என்னும் படக் கம்பெனி 1971இல் திவாலாயிற்று. அந்த நிலையிலும் 1973 டிசம்பரில் வந்த பன்னிரண்டாம் படத்தை 24 லட்சம் பேர் பார்த்தார்கள். 48 படங்களையும் பார்த்தவர்களின் தொகையைச் சுமார் 8 கோடி என்று கணக்கிடுகிறார்கள்.

மாறுதல்கள் வராமலில்லை. சிற்றப்பாவாக நடித்த மொரிகாவா ஷின் 1972இல் காலமானபோது வேறொருவரும், அவருக்குப் பின் மற்றொருவரும் அந்த வேஷத்தை ஏற்றார்கள், ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஷிபமாதாவின் உண்மைக் கடையொன்று, படத்துக் கடையின் பெயரான தோராயா என்பதையே தன் பெயராக மாற்றிக்கொள்ளவே, படத்தின் கடை 40ஆம் படத்திலிருந்து குருமாயா ஆயிற்று. ஆனால் ஆலய குருவாக வந்த ரியூ சிஷூ 1993இல் மறைந்தபின் அந்த வேஷத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. குரு கோயிலில் சுகமாக இருக்கிறார் என்ற பேச்சு மட்டும் படத்தில் தொடர்ந்தது. அட்சுமியின் தேகநிலை தளர்ந்தபோது, ஆண்டுக்கு ஒரு படமாகக் குறைத்து, சகுராவின் மகன் மிட்சுவோவின் காதலுக்குக் கதையில் பெரும்பங்கு கொடுத்தார்கள்.

1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. தீயினாலும் பெரும் சேதமடைந்த நகாதாப் பகுதியின் ஜனங்கள் தோரா சான் தங்கள் ஊருக்கு வரவேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள். இவ்வளவு பேர் மாண்ட மண்ணில் சிரிப்புப் படம் எடுப்பது தகுமா என்று யமதா முதலில் கலங்கினார். அழைக்கிறவர்கள் துன்பப்பட்டவர்களே என்பதால் இசைந்தார். 48ஆம் படத்தில் தோரா சான் பூகம்ப நிவாரணத்தில் ஓடியாடி உழைத்தவனாக வருகிறான். புத்தாண்டில் நகாதாவுக்குத் திரும்பிச் சென்று பிழைத்தவர்களை நலம் விசாரிக்கிறான். அதே படத்தில், ஊர் ஊராகப் பாடித் திரியும் லில்லி என்னும் பெண்ணோடு, 1973 முதல் மூன்று படங்களில் வந்து, இவளே அவனுக்கு ஏற்றவள் என்று ரசிகர்கள் ஏகமனதாக விரும்பிய அந்த லில்லியோடு, ஒரு தீவில் அவன் ஒரே வீட்டில் குடியிருக்கிறான். அத்தீவு அமாமியைச் சேர்ந்தது. டெலிவிஷனில் அவன் மாண்ட மண்ணிலேயே அவனை வாழவைத்து, 26 ஆண்டுக் கடனை யமதா ஜனங்களுக்குத் தீர்த்துவிட்டார்.

1996 ஆகஸ்டு 4 அன்று அட்சுமி கியோஷி தமது 68ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். திட்டமிட்டிருந்த 49ஆம் படம் கைவிடப்பட்டது. அந்தப் புத்தாண்டுக்கு, தொகுஷிமாவில் ஒரு சிறிய சினிமாக் கொட்டகையை விடாமல் நடத்தும் மனிதரைப் பற்றி வேறொரு படத்தை எடுத்து யமதா அதை அட்சுமிக்குச் சமர்ப்பித்தார். தோரா சான் வரிசையின் 50ஆவது என்று எண்ணப்படும் படம் 2019 டிசம்பர் 27 அன்றுதான் வந்தது. சகுராவும் மிட்சுவோவும் லில்லியும் அதே நடிகர்களாக, ஏறிய வயதோடு அதில் நடித்தார்கள். தோரா சான் மட்டும், துலக்கிச் செப்பனிட்ட பழைய பிரதிகளிலிருந்து எடுத்த காட்சிகளில் வருகிறான். அவனுடைய வேஷத்தை ஷோச்சிகு வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. அது வெளிவந்தபோது யமதாவுக்கு வயது 88.